இடித்தது யார்? ரொமான்டிக் ஓவியங்களில் சிதைந்த மாளிகைகள்

பனி மூடிய நிலம். இலை உதிர்த்த ஓக் மரங்கள் முறுக்கிய கிளைகளோடு நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரு பெரிய தேவாலயத்தின் சுவர் மட்டும் உயர்ந்து நிற்கிறது. கூரை இல்லை, பக்கச் சுவர்கள் இல்லை, கூம்பிய நெடுஞ்சன்னலில் கண்ணாடி இல்லை. கருப்பு அங்கி அணிந்த துறவிகள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு அந்தச் சுவரின் வாசலை நோக்கிப் போகிறார்கள். வாசலில் ஒரு சிலுவை, அதன் இருபுறமும் சிறு விளக்கொளி. பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கு மிக அருகே, பனியில் வெட்டித் திறந்த புதைகுழி. படத்தின் கீழ்ப்பாதி இருளில் கிடக்கிறது. மேல்பாதியில் மங்கிய வெளிச்ச வானமும் மெல்லிய பிறையும்.

காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிஷ் 1809-10இல் வரைந்த 'ஓக் காட்டில் மடாலயம்' இது. ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் உயரமும் 171 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட எண்ணெய் வண்ண ஓவியம். 'கடலோரத்துத் துறவி' என்ற மற்றொரு ஓவியத்தோடு சேர்ந்து 1810 இலையுதிர் காலத்தில் பெர்லின் கலைக் கழகத்தின் கண்காட்சியில் தொங்கியது. அப்போது 15 வயதான பிரஷ்ய இளவரசர் வற்புறுத்தியதால் அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் இரண்டையும் வாங்கினார். அந்த ஆண்டு ஜூலையில்தான் இளவரசரின் தாய், அரசி லூயிஸ், இறந்திருந்தார். இன்று இரண்டு ஓவியங்களும் பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன.

இந்த ஓவியத்தைப் பற்றி இருநூறு ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். மரணம், நம்பிக்கை, நாடு, தனிமை என்று பலவும் அதில் வாசிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துகளில் ஒரு எளிய கேள்வி அநேகமாக ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கட்டடத்தை இடித்தது யார்? 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவரை ஐரோப்பாவில் வரையப்பட்ட சிதைவு ஓவியங்களை இந்தக் கேள்வியோடு பார்த்தால், அவை நாம் பழகிய வரிசையில் நிற்பதில்லை. நேரில் போய், உள்ளதை உள்ளபடி வரைந்த ஓவியங்கள் பல உண்மையை மறைக்கின்றன. கற்பனையில் கட்டடங்களை இடித்த ஓவியங்களே உண்மைக்கு நெருக்கமாக நிற்கின்றன. இதைத்தான் இக்கட்டுரையில் நிறுவ முயல்கிறேன்.

முதலில் எல்டெனா. ஃப்ரீட்ரிஷ் ஓவியத்தின் சுவருக்கு மூலம் அந்த மடாலயம்தான். பால்டிக் கடலோரத்தில், அவர் 1774இல் பிறந்த கிரைஃப்ஸ்வால்ட் நகரத்துக்கு அருகில் இருக்கிறது. சிஸ்டர்சியன் துறவிகள் 1199இல் நிறுவியது. அப்பகுதியில் கட்டடக் கல் அரிது. ஆகவே சிவந்த செங்கல்லால் எழுப்பினார்கள். லூத்தரின் சீர்திருத்தம் பொமரேனியாவுக்கு வந்தபோது, 1535இல், மடாலயம் கலைக்கப்பட்டது. அதன் நிலங்கள் பிரபுக்கள் கைக்கும், பிறகு கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்துக்கும் போயின. முப்பதாண்டுப் போர் கட்டடங்களைச் சேதப்படுத்தியது. 1648க்குப் பின் அந்தப் பகுதி ஸ்வீடன் அரசின் கீழ் வந்தது. எல்டெனாவின் செங்கற்களைப் பெயர்த்துக் கோட்டை அரண் கட்ட எடுத்துப்போனார்கள். நல்ல சுட்ட செங்கல் கண்ணெதிரே சும்மா நிற்கும்போது புதுச் சூளை எதற்கு என்பது அன்றைய அதிகாரிகளின் கணக்கு.

ஆக, ஃப்ரீட்ரிஷ் சிறுவனாகப் பார்த்த அந்தச் சுவர், மழையும் காற்றும் தின்று மிச்சம் வைத்ததன்று. ஒரு மதத் தீர்மானமும் ஒரு போரும் செங்கல் தேவையும் சேர்ந்து செய்த வேலை அது. ஓவியத்தில் இவற்றில் எதுவும் இல்லை. அங்கே பனியும் மரமும் மூடுபனியும்தான் இருக்கின்றன.

ஃப்ரீட்ரிஷ் மட்டும் இப்படிச் செய்யவில்லை. சிதைவுகளை வரையும் வழக்கம் ரோமாபுரியில் வேரூன்றியது. 18ஆம் நூற்றாண்டில் கல்விச் சுற்றுலாவாக இத்தாலிக்கு வந்த வடநாட்டுச் செல்வந்தர்கள், வீடு திரும்பும்போது ரோமின் உடைந்த வளைவுகளையும் தூண்களையும் படமாக எடுத்துப்போக விரும்பினார்கள். ஜொவான்னி பாவ்லோ பன்னீனி அந்தச் சந்தைக்கு ஓவியம் தீட்டினார். பிரனேசி செப்புத்தகட்டு அச்சுகளில் ரோமின் சிதைவுகளை மலைகள்போலப் பெருக்கிக் காட்டினார். அவற்றின் அடியில் மனிதர்கள் எறும்பளவில் ஊர்கிறார்கள். இவர்கள் இருவரிடமும் கற்றவர் ஊபெர் ரோபேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1754 முதல் 1765 வரை இத்தாலியில் இருந்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய அவருக்குச் 'சிதைவுகளின் ரோபேர்' என்றே பெயர் வந்தது. 1767ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியைப் பற்றி எழுதிய பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோ, ரோபேரின் ஓவியங்களின் முன் நின்று, சிதைவுகள் மனத்தில் எழுப்பும் எண்ணங்களைப் பற்றி நெடிய பக்கங்கள் எழுதினார். எல்லாம் அழியும், காலம் மட்டும் நிற்கும் என்பது அந்தப் பக்கங்களின் சாரம். சிதைவுக்குக் காலமே பொறுப்பு என்ற எண்ணம் அதன்பின் ஐரோப்பியப் படித்தவர்களின் பொதுச் சொத்தாகிவிட்டது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1757இல், எட்மண்ட் பர்க் பேரச்சத்தின் அழகைப் பற்றிய தன் நூலை வெளியிட்டிருந்தார். ஆபத்து நம்மைத் தொடாத தூரத்தில் இருந்தால் அச்சமே இன்பம் தரும் என்ற அவர் கருத்துக்குச் சிதைந்த கோட்டை பொருத்தமான காட்சி. தோட்டங்களிலும் இந்த ரசனை புகுந்தது. இங்கிலாந்தில் ஹேக்லி தோட்டத்தில் 1740களின் இறுதியில் புதிதாகவே ஒரு 'பழைய' கோட்டைச் சிதைவு கட்டப்பட்டது. பாரிஸுக்கு அருகே 'ரெட்ஸ் பாலைவனம்' என்ற தோட்டத்தில் ஒரு பிரபு, முறிந்த பெருந்தூண் வடிவில் தனக்கு வீடே கட்டிக்கொண்டார். இவற்றை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. இடிப்பதற்கு ஒரு வரலாறு தேவையில்லாத சிதைவு எப்படி இருக்கும் என்பதற்கு இவை கண்கூடான சான்றுகள். அந்த ரசனைக்கு வரலாறு தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில்தான் இந்த மறதி மிக முழுமையாக நடந்தது என்று நினைக்கிறேன். எட்டாம் ஹென்றி 1536இலிருந்து சில ஆண்டுகளுக்குள் சுமார் 800 மடாலயங்களைக் கலைத்தார். வேல்ஸ் எல்லையில் வை ஆற்றங்கரையில் இருந்த டின்டர்ன் மடாலயம் அவற்றில் ஒன்று. 1131இல் நிறுவப்பட்ட சிஸ்டர்சியன் மடம். 1536 செப்டம்பரில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. விலைமதிப்புள்ள பொருள்கள் அரச கருவூலத்துக்குப் போயின. கூரையின் ஈயத்தகடுகள் உருவப்பட்டு விற்கப்பட்டன. ஒரு கல் கட்டடத்தைக் கொல்ல வெடிமருந்து தேவையில்லை. கூரையைப் பிரித்தால் போதும், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். ஈயத்துக்கு அன்று நல்ல விலை இருந்ததால், கலைக்கப்பட்ட மடங்களில் முதலில் போனது கூரைதான்.

இருநூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, 1770இல், வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் படகில் வை ஆற்றில் இறங்கி டின்டர்னைப் பார்த்தார். 1782இல் வெளிவந்த அவருடைய பயண நூல் இங்கிலாந்தில் இயற்கைக் காட்சியை ரசிக்கும் முறையையே மாற்றியது. டின்டர்னின் முகட்டுச் சுவர்கள் அளவெடுத்ததுபோல் ஒழுங்காக இருப்பது கண்ணை உறுத்துகிறது என்று அவர் குறைப்பட்டார். யாராவது சம்மட்டியோடு கொஞ்சம் சரியான இடத்தில் தட்டினால் நன்றாயிருக்கும் என்றும் யோசனை சொன்னார். கலை வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடம் இது. அதே பக்கங்களில் அவர் எழுதிய வேறொன்று அதைவிட முக்கியமானது என்பேன். மடாலயத்தின் இடிபாடுகளுக்குள் ஏழைகள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். வந்தவர்களிடம் பிச்சை கேட்டார்கள். துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று நடக்க முடியாத ஒரு மூதாட்டி கில்பினைக் கூட்டிப்போனாள். அவள் காட்டியது ஈரம் கசியும் சுவர்களுக்கு நடுவே அவள் தானே குடியிருந்த குழி. கில்பின் நேர்மையானவர், பார்த்ததை எழுதிவிட்டார். ஆனால் அவர் வகுத்துக் கொடுத்த ரசனையில் அந்த மூதாட்டிக்கு இடமில்லை. அருகிலேயே இரும்பு உலைகள் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தன, அவற்றுக்கும் இடமில்லை.

ஆங்கில ஓவியர் டர்னர் 1792இல் டின்டர்னுக்குப் போனபோது அவருக்கு வயது 17. 1794இல் அவர் காட்சிக்கு வைத்த நீர்வண்ண ஓவியத்தில் ஐவிக் கொடி உயர்ந்த வளைவுகளிலிருந்து திரைபோலத் தொங்குகிறது, திறந்த கூரை வழியே வானம் இறங்குகிறது, அடியில் சிறு மனித உருவங்கள். அளவுகள் துல்லியம், ஒளி அற்புதம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவர் இப்படி வரைய முடியும் என்பதே வியப்பு. அவர் வரைந்த ஐவி நிஜமாகவே அங்கே இருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவர் ஐவிதான் கூரையைத் தின்றது என்று நம்பிவிடுவார். ஈயம் போன கதையும் அரசாணையும் ஓவியத்துக்கு வெளியே நிற்கின்றன. கண்ணால் கண்டதை மட்டும் வரையும் நேர்மை, காரணத்தை மறைக்கும் வேலையையும் செய்துவிடுகிறது.

இங்கே ரோபேரிடம் திரும்புகிறேன். இளமையில் ரோமின் சிதைவுகளை விற்பனைக்கு வரைந்தவர், நடுவயதுக்கு மேல் தன் கண்முன் கட்டடங்கள் இடிக்கப்படுவதைப் பார்த்தார். பாரிஸில் நோத்ர்தாம் பாலத்தின் மேலிருந்த வீடுகளை 1786இல் இடித்தபோது வரைந்தார். 1789 ஜூலையில் பாஸ்டில் சிறைக்கோட்டையை மக்கள் பிடித்த சில நாள்களில், அதன் மேல்தளத்திலிருந்து கற்கள் உருட்டப்படுவதை வரைந்தார். பாஸ்டிலை இடிக்கும் வேலையை ஏற்ற பாலுவா என்ற ஒப்பந்தக்காரர் அதன் கற்களில் நினைவுப் பொருள்கள் செய்து பரப்பினார். 1793 அக்டோபரில் புரட்சி அரசு செயின்ட் டெனி தேவாலயத்தில் பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகளைத் திறந்தபோது, அதையும் ரோபேர் ஓவியமாக்கினார். இந்த ஓவியங்களில் ஏணிகள் இருக்கின்றன, கயிறுகள் இருக்கின்றன, தூசி பறக்கிறது, வேலை செய்யும் உடல்கள் இருக்கின்றன. சிதைவு உருவாகும் நேரம் இது. ஐரோப்பிய ஓவியத்தில் இடிப்பவர்களின் கைகளை இவ்வளவு நேராகக் காட்டியவர் அந்தக் காலத்தில் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிதைவுகளின் ரசிகர் என்று புகழ்பெற்ற ஒருவரே இதைச் செய்தார் என்பதுதான் இதற்கு எடை சேர்க்கிறது.

சந்தேகத்துக்குரியவர் என்று கைதாகி 1793-94இல் ரோபேர் சிறையில் இருந்தார். உணவுத் தட்டுகளில்கூட ஓவியம் தீட்டினார். விடுதலையான பின் 1796இல் இரண்டு ஓவியங்களை இணையாகக் காட்சிக்கு வைத்தார். ஒன்று, லூவ்ர் அரண்மனையின் பெருங்கூடத்தை அருங்காட்சியகமாக மாற்றும் திட்டம்: மேல்கூரையிலிருந்து வெளிச்சம், சுவரெங்கும் ஓவியங்கள். மற்றொன்று, அதே கூடம் எதிர்காலத்தில் சிதைந்து கிடக்கும் காட்சி. கூரை போய்விட்டது, வளைவுகள் வானத்தைப் பிடித்து நிற்கின்றன, ஓவியங்கள் ஒன்றுமில்லை. எஞ்சியிருப்பவை சிலைகள்தாம். நடுவே அப்பல்லோ சிலை முழுமையாக நிற்க, ஒரு இளைஞர் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். மிக்கெலாஞ்சலோ செதுக்கிய அடிமையும் அங்கே கிடக்கிறது.

அந்த அருங்காட்சியகத்தை உருவாக்கும் பணியில் ரோபேருக்கே பங்கு இருந்தது. தான் கட்ட முனைகிற இடத்தைத் தானே இடித்துக் காட்டினார். மூன்றாண்டு முன்பு மன்னர்களின் கல்லறைகள் உடைந்ததைப் பார்த்தவருக்கு, எந்த மாளிகைக்கும் அந்தக் கதி வரலாம் என்பது வெறும் தத்துவமாக இருந்திருக்காது. இந்த ஓவியத்தில் கட்டடத்தை அழித்தவர் யார் என்ற கேள்விக்கு மழுப்பலே இல்லை. ஓவியர் அழித்தார், தன் தூரிகையால், எல்லோரும் பார்க்க.

இதே துணிவு லண்டனில் வேறு வடிவில் வந்தது. ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் 1788 முதல் 1833 வரை இங்கிலாந்து வங்கியின் கட்டடத்தைப் பகுதி பகுதியாக உருவாக்கினார். அவருக்காகப் படம் வரைந்த ஜோசப் கேண்டி 1830இல் அந்த வங்கி முழுவதையும் வானிலிருந்து பார்ப்பதுபோல் ஒரு பெரிய நீர்வண்ண ஓவியமாக்கினார். கூரைகள் திறந்து கிடக்கின்றன, சுவர்கள் பாதியில் முறிகின்றன, அடித்தளம் முதல் மாடம் வரை உள்ளமைப்பு தெரிகிறது. இது சிதைவா, கட்டட அமைப்பைக் காட்ட வெட்டித் திறந்த படமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் எண்ணம். சோன் தன் வேலை ரோமானியக் கட்டடங்களைப்போல நூற்றாண்டுகள் கழித்தும் மதிப்புடன் கிடக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். அதே சமயம் தன் கட்டட நுட்பம் தெரிய வேண்டும் என்றும் விரும்பினார்.

அந்த ஆசை நிறைவேறவில்லை. 1925 முதல் 1939 வரை ஹெர்பர்ட் பேக்கர் அந்த வங்கியை மீண்டும் கட்டினார். புதுதில்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த அதே பேக்கர். சோனின் வெளிச்சுவரை மட்டும் விட்டுவைத்து உள்ளே இருந்த கூடங்களை இடித்துவிட்டார். கட்டட வரலாற்றாளர் நிக்கலஸ் பெவ்ஸ்னர் இதை லண்டன் நகரின் ஆகப்பெரிய கட்டடக் குற்றம் என்ற அளவுக்குக் கண்டித்தார். கேண்டியின் ஓவியத்தில் மாடங்கள் திறந்து நின்றன. உண்மையில் நிற்க மாடங்களே இல்லாமல் போயின. உலகின் பணம் புழங்கும் இடத்தில் கட்டடங்கள் சிதைவாகக் கிடக்க அனுமதி கிடைப்பதில்லை. நிலத்தின் விலை அதற்கு விடாது.

ஜான் கான்ஸ்டபிள் மனைவி இறந்த மறு ஆண்டு, 1829இல், காட்சிக்கு வைத்த ஹேட்லி கோட்டைச் சிதைவும், அமெரிக்காவில் தாமஸ் கோல் 1836இல் முடித்த 'பேரரசின் போக்கு' என்ற ஐந்து ஓவியங்களின் இறுதிக் காட்சியும் இந்த வரிசையில் எப்போதும் சேர்க்கப்படுபவை. கான்ஸ்டபிளின் ஓவியம் தனிப்பட்ட துயரம். அதில் கோட்டை வெறும் காரணம். கோல் தன் நான்காம் ஓவியத்தில் நகரைப் படையெடுப்பால் அழித்துக் காட்டிய பிறகே ஐந்தாம் ஓவியத்தில் கொடிகள் படரும் ஒற்றைத் தூணை வைத்தார் என்பது அவர் பக்கம் நிற்கும் நியாயம்.

இந்தப் பின்னணியில் ஃப்ரீட்ரிஷை மறுபடி பார்க்க வேண்டும். 'ஓக் காட்டில் மடாலயம்' ஓவியத்துக்குத் தரப்பட்ட விளக்கங்கள் மூன்று வழிகளில் போகின்றன. ஃப்ரீட்ரிஷ் படைப்புகள் அனைத்தையும் பட்டியலிட்ட 1973ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ஹெல்முட் பெர்ஷ்-சூப்பான், அதில் எல்லாவற்றையும் கிறித்தவக் குறியீடாக வாசித்தார்: ஓக் மரங்கள் பழைய பேகன் உலகம், இடிந்த சுவர் காலாவதியான திருச்சபை, பிறை கிறிஸ்துவின் நம்பிக்கை. வேறு சிலர் அரசியலைப் பார்த்தார்கள். 1806இல் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றது, அதே ஆண்டு புனித ரோமானியப் பேரரசு கலைந்தது, 1807 முதல் 1810 வரை ஃப்ரீட்ரிஷின் சொந்த ஊரே பிரெஞ்சுப் படையின் பிடியில் இருந்தது. நெப்போலியனை வெறுத்த ஒரு ஜெர்மானியர் அந்த ஆண்டுகளில் இடிந்த கோதிக் சுவரை வரைந்தால் அதில் நாடும் இருக்கும் என்பது அவர்கள் வாதம். கலை வரலாற்றாளர் வெர்னர் புஷ் 2003இல் வந்த நூலில், படத்தின் அளவு விகிதங்களிலும் வளைகோடுகளிலும்தான் ஃப்ரீட்ரிஷின் பக்தி இருக்கிறது, ஒவ்வொரு பொருளுக்கும் அகராதிபோல் அர்த்தம் தேட வேண்டாம் என்றார். புஷ் சொல்வதில் எனக்கு அதிக உடன்பாடு உண்டு. பிறை என்றால் கிறிஸ்து என்று எழுதிவிட்டால் பிறகு ஓவியத்தைப் பார்க்கவே தேவையில்லாமல் போகிறது.

ஆனால் மூன்று வழியினரும் ஒரு விஷயத்தைப் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை. அந்தத் துறவிகள் அங்கே இருக்கவே முடியாது. 1535க்குப் பிறகு எல்டெனாவில் துறவிகள் இல்லை. ஃப்ரீட்ரிஷ் லூத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவர். தெற்கே கத்தோலிக்க நாடுகளிலும் 1803இல் மடாலயங்கள் பெருமளவில் கலைக்கப்பட்டிருந்தன. இருநூற்று எழுபத்தைந்து ஆண்டுகளாக இல்லாத துறவிகளை அவர் திரும்ப அழைத்து, ஒரு பிணத்தைச் சுமக்க வைத்து, கூரையில்லாத தேவாலயத்துக்குள் அனுப்புகிறார். பன்னீனியின் சிதைவுகளில் உலாவுபவர்கள் பயணிகள், டர்னரிடம் இருப்பவர்கள் பார்வையாளர்கள், ரோபேரிடம் வரைபவர்கள். அந்தக் கட்டடங்கள் எதற்காகக் கட்டப்பட்டனவோ அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. ஃப்ரீட்ரிஷின் துறவிகள் மட்டும் கட்டடத்தை அதன் வேலைக்கே பயன்படுத்துகிறார்கள். ஆகவே அந்தச் சுவர் முடிந்துபோன காலத்தின் நினைவாக நிற்கவில்லை. இடித்த பிறகும் வழிபாடு நடக்கிறது.

அவர் உண்மையை மாற்றியது இத்தோடு நிற்கவில்லை. எல்டெனாவைச் சுற்றி அப்படி ஒரு ஓக் தோப்பு இல்லை. வெவ்வேறு இடங்களில் வரைந்து வைத்திருந்த மரங்களைக் கொண்டுவந்து நட்டார். 1830களின் தொடக்கத்தில் அதே எல்டெனாவைப் பல நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ரீசன் மலைத்தொடரின் அடியில் வைத்து வரைந்தார். கிரைஃப்ஸ்வால்டின் யாக்கோபு தேவாலயம் முழுமையாக, கூரையோடு, வழிபாட்டில் இருந்தபோதே, 1817 வாக்கில் அதைச் சிதைந்த நிலையில் தாளில் வரைந்தார். தன் ஊர்த் தேவாலயத்தையே இடித்துப் பார்த்த மனிதர் அவர். ரோபேர் லூவ்ரில் செய்ததை இவர் தன் சிறுநகரத்தில், பார்வையாளர் கூட்டம் இல்லாமல், தனக்காகச் செய்தார். கட்டடம் போனாலும் நம்பிக்கை போகாதா என்று சோதிப்பதற்கு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்று எண்ணுகிறேன். 13 வயதில் பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கித் தம்பி இறந்ததைக் கண்டவர்; அதற்கு முன்பே தாயை இழந்தவர். காலம் எல்லாவற்றையும் மெல்ல அழிக்கும் என்ற திதரோவின் ஆறுதல் அவருக்கு உதவியிருக்காது. அவர் அறிந்த அழிவு ஒரு நொடியில் வந்தது.

2013க்குப் பின் பெர்லினில் இந்த ஓவியத்தையும் அதன் இணையையும் பல ஆண்டுகள் சீர்செய்தார்கள். மஞ்சளேறிய பழைய வார்னிஷும் பிற்காலப் பூச்சுகளும் நீக்கப்பட்டன. 2016இல் மீண்டும் காட்சிக்கு வந்தபோது வானத்தின் நிற அடுக்குகள் எவ்வளவு மெல்லியவை என்பது தெரிந்தது. அகச்சிவப்புக் கதிர்ப் படங்கள், வண்ணத்துக்கு அடியில் கட்டடமும் மரங்களும் எவ்வளவு கவனமாகக் கோடிழுக்கப்பட்டிருந்தன என்று காட்டின. மூடுபனியில் கரைவதாகத் தெரியும் அந்தச் சுவர் தச்சனின் துல்லியத்தோடு திட்டமிடப்பட்டது.

ஓவியங்களும் இடிபாட்டுக்கு ஆளாகின்றன. 1931 ஜூன் 6இல் மியூனிக்கின் கண்ணாடி மாளிகை தீப்பற்றி எரிந்தபோது, அங்கே நடந்துகொண்டிருந்த ரொமான்டிக் ஓவியக் கண்காட்சியில் ஃப்ரீட்ரிஷின் ஒன்பது படைப்புகள் அழிந்தன. 1817-19இல் அவர் வரைந்த 'பனியில் மடாலயக் கல்லறை' என்ற பெரிய ஓவியம் 1945இல் பெர்லினில் போரின் இறுதியில் போனது. அதன் கருப்பு வெள்ளைப் புகைப்படம்தான் இன்று இருக்கிறது. அந்த இழப்புக்கு யாரும் காலத்தைக் காரணம் சொல்வதில்லை. ஆண்டும் ஊரும் காரணமும் தெரியும். கட்டடங்களுக்கும் அதே மரியாதை வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எல்டெனாவுக்கு நடந்தது நல்ல முடிவு. 1815இல் அந்தப் பகுதி பிரஷ்யாவிடம் வந்தது. 1820களின் இறுதியில் இடிபாட்டைப் பாதுகாக்கும் வேலை தொடங்கியது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவர், 15 வயதில் ஃப்ரீட்ரிஷின் ஓவியங்களை வாங்க வைத்த அதே இளவரசர். தோட்டக்கலைஞர் லென்னேயின் திட்டப்படி சுற்றிலும் பூங்கா அமைத்தார்கள். ஓவியத்தில் இருந்த மரங்கள் நிலத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் செங்கல் பெயர்த்துப் போக முடியவில்லை. 1903இல் வியன்னாவின் கலை வரலாற்றாளர் அலோய்ஸ் ரீகல், நினைவுச் சின்னங்களுக்கு வரலாற்று மதிப்பு போலவே பழமையின் தடம் தரும் மதிப்பும் உண்டு என்று கோட்பாடாக எழுதினார். எல்டெனாவில் அந்த மதிப்பு முக்கால் நூற்றாண்டு முன்பே நடைமுறைக்கு வந்திருந்தது, ஒரு ஓவியத்தின் வழியாக.

இந்த ரசனை கப்பலேறி நம் பக்கமும் வந்தது. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1786இல் கல்கத்தாவில் இறங்கினார்கள். திப்பு சுல்தானோடு கிழக்கிந்தியக் கும்பினி நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல் முடிந்ததும் மலைக்கோட்டைகளின் படங்களுக்கு இங்கிலாந்தில் தேவை எழுந்தது. அந்த ஆண்டு அவர்கள் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி, மதுரை வழியாகத் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வரை போனார்கள். கேமரா ஆப்ஸ்கியூரா என்ற கருவியால் காட்சியைத் தாளில் விழச்செய்து கோடிழுத்தார்கள். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களின் தொகுப்பில் தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரப் பாறைச் சிற்பங்கள், திருச்சி மலைக்கோட்டை ஆகியவற்றோடு மதுரை அரண்மனையின் சிதைவும் இருக்கிறது. பருத்த தூண்கள், உயர்ந்த வளைவுகள். டர்னரின் டின்டர்னைப் பார்த்துப் பழகிய லண்டன்காரருக்கு அது அயலாகத் தெரிந்திருக்காது. அழிந்துபோன கீழை அரசுகள், அவற்றின் மேல் இயல்பாக வந்து அமர்ந்த கும்பினி என்ற கதைக்கும் அது வசதியாகப் பொருந்தியது.

ஆனால் திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அந்த அரண்மனையைக் காலமும் கும்பினியும் மட்டும் இடிக்கவில்லை. அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அங்கே மாளிகை கட்ட மதுரை அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து எடுத்துப்போனார். தாத்தா கட்டியதைப் பேரன் பெயர்த்தார். மூலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இன்று நிற்கிறது என்று சொல்வது வழக்கம். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் அதைப் பழுதுபார்க்கச் செய்தார். பிறகு நெடுங்காலம் அங்கே நீதிமன்றம் நடந்தது. எல்டெனாவைச் சிதைவாகவே காப்பாற்றினார்கள், மதுரையைத் திரும்பக் கட்டடமாக்கினார்கள். எது சரி என்று பொதுவாகத் தீர்ப்பு எழுத முடியாது. மதுரை மக்களுக்குப் புழங்க ஒரு கூடம் கிடைத்தது. அதே சமயம், எது நாயக்கர் காலத்துக் கட்டுமானம், எது 19ஆம் நூற்றாண்டுச் சுதை என்று பிரித்தறிவது கடினமாயிற்று. அந்த வேலையில் இறங்குபவர்களுக்கு, மராமத்துக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே தூண்களும் வளைவுகளும் எங்கே முறிந்திருந்தன என்று காட்டும் டேனியல்களின் அச்சுப்படம் அழகுக்காக அல்லாமல் சான்றுக்காகவே தேவைப்படுகிறது.